525 மடங்கு தொலைநோக்கியில் நெபுலாவைப் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக, ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் 70 மி.மீ. தொலைநோக்கியை இணையத்தில் வாங்க எண்ணியுள்ளேன். பெட்டியின் மேல் நெபுலாவின் (விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகம்) வண்ணப்படம் அச்சிடப்பட்டுள்ளது. என் செல்போனைப் பொருத்தினால் அத்தகைய படம் கிடைக்குமா?
– வாசகர், களக்காடு

பதில்: பெட்டியின் மேலுள்ள படம் கிடைக்காது, ஆனால் நானே எடுத்தேன் என்று உங்கள் மகள் பள்ளியில் மகிழ்ச்சியோடு காட்டத்தக்க படம் கிடைக்கும்.

525 என்ற எண்ணுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். 700 மி.மீ. குவியத்தொலைவுள்ள கருவியில் 4 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) அதன் பெருக்கத்தை மும்மடங்காக்கும் பார்லோ வில்லையையும் சேர்த்தால் கணக்கில் அந்த எண் வந்துவிடும். 70 மி.மீ. விட்டமுள்ள முகப்பு வில்லை தாங்குவதோ ஏறத்தாழ 140 மடங்குதான்; அதற்கு மேல் போனால் பிம்பம் மங்கிக் கலங்கும். நீங்கள் குறி வைக்க வேண்டியது ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள நெபுலா; அது முழுநிலவை விட அகலமாக வானில் விரிந்து கிடப்பதால், 25 மி.மீ. ஐபீஸ் தரும் 28 மடங்கே போதும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஸ்டாண்டு. செல்போனும் அதன் ஹோல்டரும் ஐபீஸ் முனையில் ஏறியதும் மெலிந்த ஸ்டாண்டு ஆடும், குழாய் தானே சரியும். குழாயைச் செங்குத்தாக நிமிர்த்தும்போது இந்தத் தொல்லை அதிகம்; நம் திருநெல்வேலிச் சீமையிலோ ஓரியன் கிட்டத்தட்ட உச்சியிலேயே கடந்து செல்கிறது. ஆகவே பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், அமாவாசையை ஒட்டிய நாளில், இரவு ஏழரை மணியளவில் அது கிழக்கே பாதி உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஓரியனில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றே தெற்கில் புகைபோலத் தெரிவதுதான் நெபுலா.

மோட்டார் இல்லாத ஸ்டாண்டில், பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் கோடாக இழுபடும். எனவே செல்போன் கேமராவின் அளவுகளை நாமே அமைக்கும் ‘ப்ரோ’ முறையில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 1600 அளவில், ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்கு மிகாமல் ஒளியை வாங்கும் படங்களாக ஐம்பது எடுத்து, கணினியில் இலவச மென்பொருளால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கை பட்டு அதிராதபடி மூன்று விநாடி டைமர் வைப்பது அவசியம். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தது படத்தில் இளம்பச்சையும் லேசான சிவப்புமாக வரும்; ஹைட்ரஜனின் செந்நிற ஒளியில் பெரும்பகுதியைச் செல்போன் கேமராவின் வடிகட்டியே தடுத்துவிடுவதால் ஆழ்ந்த சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்; பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். பொருள் பழுதாக இருந்து விற்பவர் திரும்ப எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.