12 வோல்ட் இன்வெர்ட்டரில் நாலு ஐஆர்எஃப் 3205 மாஸ்ஃபெட்டில் (கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் மூன்று கால் பாகம்) ஒன்று எரிந்துவிட்டது; புனலூர் கடைக்காரர் சொல்வதுபோல் அதற்குப் பதில் இசட்44என் போடலாமா?

போடாதீர்கள். அவர் சொன்னபடி இரண்டும் 55 வோல்ட்தான், காலும் அப்படியே பொருந்தும். ஆனால் 3205-இன் ஆன் ரெசிஸ்டன்ஸ் (ஆன் ஆனபோது உள்ளே இருக்கும் தடை) 8 மில்லி ஓம், இசட்44என்-க்கு 17.5. நாலில் எரிந்த ஒன்றுக்கு மட்டும் அதை மாற்றினால் லோடின் பெரும்பகுதி அதே பக்கத்தில் அதோடு இணையாக இருக்கும் 3205-இன் தலையில் விழும். நாலையும் ஒரே லாட்டில் 3205 ஆகவே மாற்றுங்கள்.

சும்மா எரிந்திருக்காது. கேட் (மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் செய்யும் கால்) ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருக்கலாம். மாஸ்ஃபெட்டுகளைக் கழற்றிவிட்டு அந்த ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். அப்புறம் இன்வெர்ட்டரை ஆன் செய்து, இரு பக்க கேட் பேடிலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் வரவில்லை என்றால் டிரைவரை (கேட்டுக்கு சிக்னல் கொடுக்கும் சர்க்யூட்) சரிசெய்யாமல் புதுசை மாட்ட வேண்டாம்.

போலி 3205 நிறைய வருகிறது, வாங்கியதும் சோதித்துவிடுங்கள். மாஸ்ஃபெட்டின் மற்ற இரண்டு கால்கள் டிரெயினும் சோர்ஸும்; கரண்ட் இவற்றின் வழியாகத்தான் போகும். சோர்ஸை 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவில் கொடுங்கள். பாசிட்டிவிலிருந்து 60 வாட் ஹெட்லைட் பல்பு வழியாக டிரெயினுக்கு ஒரு வயர், 1 கிலோ ஓம் வழியாக கேட்டுக்கு ஒரு வயர். பல்பு எரியும்போது டிரெயின், சோர்ஸ் காலிலேயே மீட்டரை வைத்தால் சுமார் 40 மில்லிவோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 80, 90 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் ஆன் அதே பல்பை பேட்டரி வயரில் சீரியலாகப் போட்டுத்தான். பிரகாசமாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

இதெல்லாம் உங்கள் 12 வோல்ட் செட்டுக்கு. 24 வோல்ட் புஷ்-புல்லில் (இரு பக்க மாஸ்ஃபெட்டுகளும் மாறி மாறி ஆன் ஆகும் அமைப்பு) டிரெயினுக்கு பேட்டரி வோல்டேஜைப் போல இரண்டு மடங்கு வரும், 55 வோல்ட் மாஸ்ஃபெட் தாங்காது.