வாசகர் கேள்வி – பதில்: ஒயின்

கேள்வி: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையிலேயே குடிக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் சென்னை வீட்டில் அப்படி ஊற்றினால் சாராய நெடி மூக்கைத் துளைக்கிறதே?

பதில்: அந்த ‘அறை’ ஐரோப்பாவின் பழைய வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரிதான் இருக்கும். நம் ஊர் 32 டிகிரியில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, பழ வாசனையை அமுக்கிவிடும். குடிப்பதற்கு முன் பாட்டிலை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த வாளியில் பத்து நிமிடம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலோடு ஒட்டாமல் இடைவெளி விழும், குளிர மெதுவாகும். ரொம்பவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு தூக்கலாகி நாக்கைப் பிடிக்கும். கிளாஸிலேயே சற்று விட்டுவையுங்கள். கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கேள்வி: செட்டிநாடு கோழிக்கு எந்த ஒயின் சரி?

பதில்: கேபர்னே, ஷிராஸ் போன்ற துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின்கள் வேண்டாம். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு அதற்கு மேல் ஏறும். வெள்ளை ஒயின்களில் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அல்லது நாசிக் பகுதியின் ஷெனான் பிளாங்க் சரி, 8–10 டிகிரியில். சிவப்புதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் துவர்ப்பு குறைந்த பினோ நுவாருக்குப் போகலாம்.

கேள்வி: திறந்த பாட்டிலில் மிச்சமிருக்கும் ஒயின் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: இறுக மூடி, ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மூன்று நான்கு நாள். சிவப்புக்கும் இதே விதிதான். அடிபட்ட ஆப்பிள் வாசனையோ வினிகர் வாடையோ வந்தால் காற்று வேலையைக் காட்டிவிட்டது.