சக்சஸ்னு சொல்லுது, ஆனா இருட்டைத்தான் காட்டுது!

கேள்வி: சார், கம்ப்யூட்டர் வச்ச டெலஸ்கோப் ஒண்ணு புதுசா வாங்கினேன். ஏப்ரல்ல ஒரு நாள் ராத்திரி 8 மணிக்கு ரைஜல், திருவாதிரைன்னு ரெண்டு நட்சத்திரத்தையும் காட்டி அலைன் பண்ணேன் (வானத்துல எது எங்க இருக்குன்னு டெலஸ்கோப்புக்குப் புரிய வைக்கறது), ரிமோட்ல சக்சஸ்னு வந்துச்சு. ஆனா ஒமேகா சென்டாரிங்கற நட்சத்திரக் கொத்துக்குப் போன்னா வெறும் இருட்டுல போய் நிக்குது. மெஷின் கோளாறா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: மெஷின் பாவம், விட்டுடுங்க. சுவத்துல ஒத்தை ஆணில மாட்டின போட்டோ சுத்தும்ல, அதுமாதிரிதான் ஒரு நட்சத்திரத்தை மட்டும் காட்டினா மொத்த வானமும் அதைச் சுத்தி எப்படி வேணா திரும்பிக்கலாம், ரெண்டாவது ஆணி அடிச்சாத்தான் நிக்கும். நீங்க ரெண்டாவது ஆணியை முதல் ஆணிக்குப் பக்கத்துலயே அடிச்சிட்டீங்க. ரெண்டுமே ஓரியன்ங்கற ஒரே நட்சத்திர மண்டலத்துல இருக்கு, நடுவுல 19 டிகிரிகூட இல்ல. ஒண்ணை நடுவுல வைக்கிறப்ப பக்கவாட்டுல அரை டிகிரி, அதாவது ஒரு முழு நிலா அகலம் தப்பினாலும் ஒமேகா சென்டாரி கிட்ட அது ஒன்றரை டிகிரி ஆயிடும், ஐபீஸை (கண்ணு வச்சுப் பாக்கற லென்ஸ்) விட்டே வெளிய போயிடும். சக்சஸ்னு வர்றதை ரொம்ப நம்பாதீங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் கணக்கோட ஒத்துப்போச்சுன்னுதான் அது சொல்லுது, அவ்ளோதான்.

அடுத்த தடவை ஏப்ரல்ல 9 மணி வாக்குல மேற்குல சிரியஸ், கிழக்குல சுவாதி, இந்த ஜோடியை எடுங்க. நடுவுல சுமார் 116 டிகிரி இருக்கும், அதே அரை டிகிரி தப்பு அரை டிகிரியாவே நிக்கும். சுவாதி எதுன்னு தெரியலன்னா சப்தரிஷி மண்டலத்தோட வால் வளையுற போக்குலயே நீட்டிட்டுப் போங்க, ஆரஞ்சு கலர்ல பளிச்சுன்னு நிக்கும். தலைக்கு நேர் மேல இருக்கறதை எடுக்காதீங்க, அப்புறம் வியாழனை நட்சத்திரம்னு காட்டிடாதீங்க (நான் காட்டிருக்கேன், ஒரு ராத்திரியே வேஸ்ட்).

நடுவுல வைக்கறதுக்கு ஒரு டிரிக் இருக்கு. ஃபோகஸைக் கலைச்சு விட்டா நட்சத்திரம் அப்பளம் மாதிரி பெரிய வட்டமாகும், அது நடுவுல இருக்கான்னு கண்ணு ஈஸியா சொல்லிடும். கடைசித் தள்ளு எப்பவும் ஒரே பட்டன்கள்லயே இருக்கட்டும், கியர்ல லூஸ் இருக்கும். டைம் ஸோன் 5.5 தானான்னும் பாருங்க, 5னு இருந்தா ஆரம்பமே 7.5 டிகிரி தள்ளிப் போய் நின்னு, நீங்க பக்கத்துல இருக்கற வேற எதையாவது பிடிச்சிடுவீங்க. ஒமேகா சென்டாரி பத்தரைக்கு மேல தெற்குல நல்லா ஏறிடும், 25 எம்எம் ஐபீஸ் போட்டே பாருங்க.