அடுத்த வீட்டுக்கு அகதிக் குடும்பம்: அயலவரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, ஒரு தேவாலயத்தின் ஊடாக, பாகிஸ்தானில் தங்கியிருக்கும் ஆப்கான் குடும்பமொன்றை கனடாவுக்கு வர ஸ்பொன்சர் செய்திருக்கிறோம், அதாவது அவர்களைப் பொறுப்பேற்றிருக்கிறோம். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். அடுத்த மாதம் வருகிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவிலேயே ஒரு பேஸ்மன்ட் (நிலக்கீழ் வீடு) வாடகைக்கு எடுத்துவிட்டோம். விஷயம் தெரிந்ததும் அயலவர்கள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "ஆரெவரென்று தெரியாத ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள்" என்கிறார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் தமிழ்ச் சனம். ஒரு கூட்டம் வைத்து விளக்கம் சொல்லலாமா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: இப்போதைக்குக் கூட்டம் வேண்டாம். நாற்பது பேர் கூடினால் தொண்டை பெரிதான மூன்று பேர்தான் கதைப்பார்கள். பேசாமல் இருந்தவர்கள் அந்த மூன்று பேரின் பயத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். 1979இல் கனடாத் தலைநகர் ஒட்டாவாவின் மேயர் மரியன் டூவர், வியட்நாம் பக்கத்திலிருந்து வந்த அகதிகள் 4,000 பேரைத் தன் நகரம் ஏற்கும் என்று அறிவித்துப் பெரிய பொதுக்கூட்டம் வைத்தார். ஆனால் அதற்கு முன்பே சமயத் தலைவர்களோடும் ஊர்ப் பிரமுகர்களோடும் இருந்து பேசி முடித்திருந்தார்.

நீங்கள் வீடு வீடாகப் போங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு முன், இரண்டு இரண்டு பேராக, ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம். எத்தனை பேர் வருகிறார்கள், பிள்ளைகள் எந்த வயது, எப்போது வருகிறார்கள், வாடகை யார் கட்டுவது: இவ்வளவும் போதும். உங்கள் குழுவில் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து, "என்ன குறையென்றாலும் முதலில் எங்களுக்கு அடியுங்கள்" என்று சொல்லுங்கள். இந்த இலக்கம் செய்கிற வேலையை எந்தத் துண்டுப்பிரசுரமும் செய்யாது. அந்தக் குடும்பத்துக்கு அங்கே என்ன நடந்தது என்ற கதையை மட்டும் எடுக்காதீர்கள். இரக்கம் தேடித் தரும் என்று நினைத்துச் சொல்வீர்கள். பிறகு அவர்கள் தெருவில் இறங்கும்போதெல்லாம் அந்தக் கதைதான் அவர்களுக்கு முன்னால் நடக்கும்.

"ஆரெவரென்று தெரியாது" என்பதற்கு நேரான பதில் இருக்கிறது. ஸ்பொன்சரில் வருகிறவர்களுக்குக் கைரேகை, பாதுகாப்புச் சோதனை, வைத்தியப் பரிசோதனை எல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். வந்து இறங்கும்போதே நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள். முதல் 12 மாதச் செலவு ஸ்பொன்சர் குழுவின் பொறுப்பு. ஆனால் "அரசாங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் ஓஹிப் (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி) அட்டையும் மற்ற நிரந்தர வதிவாளர்களைப் போல அவர்களுக்கும் கிடைக்கும். ஒரு பொய் பிடிபட்டால் உண்மை சொன்ன பத்து இடமும் பொய்யாகிவிடும். "எல்லாம் சும்மா கிடைக்குது" என்பவருக்கு இதையும் சொல்லலாம்: பயணச் செலவை அரசாங்கக் கடனாக எடுத்து, பிறகு மாதாமாதம் கட்டித் தீர்க்கிற குடும்பங்கள் ஏராளம்.

இனி எங்கள் சனத்தின் விஷயம். "நீங்களும் அகதியாக வந்த ஆட்கள்தானே" என்று கேட்க நாக்குத் துடிக்கும். கேட்காதீர்கள். 1986இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரும், 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரும் இதே சந்தேகத்தைத்தான் சந்தித்தார்கள். அது உங்கள் அயலவர்களுக்கும் தெரியும். அதை முகத்தில் எறிந்தால் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். பின்னேரம் சும்மா இருக்கிற மாமாவிடம், குளிர்காலச் சப்பாத்து எந்தக் கடையில் மலிவு என்று கேளுங்கள். அவரே கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

பயம் வளர்வதும் வற்றுவதும் முதல் மாதத்தில்தான், அதுவும் சின்ன விஷயங்களில். பெரும்பாலான முறைப்பாடு கார் நிறுத்துவதைப் பற்றியே வரும். வரவேற்கப் போகிறோம் என்று முதல் ஞாயிறே எட்டுக் கார் தெருவை அடைத்து நிற்கும். ரொறன்ரோவில் பலகை இல்லாத தெருவிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. அடுத்தது, ஆட்கள் கொடுத்த பழைய சோஃபாவும் மெத்தையும் முற்றத்தில் மழையில் நனைவது. பாவித்த மெத்தை வாங்கவே வேண்டாம்: மூட்டைப்பூச்சி வந்தால் மேல்வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சண்டை, பழியோ புதிதாக வந்த குடும்பத்தின் தலையில். பிள்ளைகளின் கார் இருக்கையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதற்குக் காலாவதித் திகதி உண்டு, பழையது விபத்தில் அடிபட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டி வெளியே போகும் என்பதை அவர்களுடைய மொழியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பேஸ்மன்ட் சட்டப்படி அனுமதி பெற்றதா, புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்கிறதா என்று இப்போதே பாருங்கள். எதிர்ப்புள்ள அயலவர் நகரசபைக்கு அடிக்கப் போவது அதைப் பற்றித்தான்.

வந்து இரண்டு மூன்று நாள் நித்திரை கொள்ள விடுங்கள். பிறகு சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), ஓஹிப், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு, பள்ளிக்கூடம், ஆங்கில வகுப்பு. வைத்தியரிடம் போகும்போது மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தாய் தன் வருத்தத்தைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லமாட்டார். குடும்பத்தின் படத்தை வட்ஸ்அப்பில்கூடப் போடக் கூடாது, ஊரில் இன்னும் சொந்தக்காரர் இருப்பார்கள். மாதக் காசை அவர்களுடைய கணக்கில் போட்டுவிட்டு, ரசீது கேட்காமல் விலகிக்கொள்ளுங்கள். செலவழித்ததைத் திருப்பித் தரும்படி கேட்க ஸ்பொன்சர் குழுவுக்கு உரிமை இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓரிருவர் மாறமாட்டார்கள். அவர்களோடு வாதாடி நேரம் போக்க வேண்டாம். ஆனால் சுவரில் கிறுக்கினால், பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினால், திகதியும் நேரமும் எழுதி, படம் எடுத்துப் பொலிஸில் முறையிடுங்கள். உடனடி ஆபத்தென்றால் 911. அந்தக் குடும்பத்துக்குப் பொலிஸ் என்றாலே பயமாக இருக்கலாம், அதனால் முதல் தடவை உங்களில் ஒருவர் கூட நில்லுங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அயலவர் யாராவது தானாக "எப்படி இருக்கினம்?" என்று கேட்டால், அப்போது வையுங்கள் அந்தக் கூட்டத்தை. மைக் வேண்டாம், தேத்தண்ணியும் ரோல்ஸும் போதும். குடும்பம் வர விரும்பினால் மட்டும் வரட்டும்.