புல்தைலத்துக்கு எலுமிச்சை மணம் எங்கிருந்து வருகிறது?

குமுளி மலைப்பக்கம் எலுமிச்சைப் புல்லிலிருந்து காய்ச்சும் புல்தைலத்தின் எலுமிச்சை மணம் காய்ச்சும்போது உண்டாகிறதா, புல்லிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது இலையிலேயே உருவாகிவிடுகிறது. கொப்பரையில் நீராவி அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே.

இலையின் செல்களில் முதலில் ஜெரானியால் என்ற ஆல்கஹால் உருவாகிறது. இதன் மணம் ரோஜாவை ஒத்தது. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் வகையைச் சேர்ந்த ஒரு நொதி, ஜெரானியால் மூலக்கூறிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கி, அதை ஆல்டிஹைடு என்ற வேறு வகைச் சேர்மமாக மாற்றுகிறது. இந்தக் குடும்பத்தின் பல நொதிகளில், மையத்திலுள்ள துத்தநாக அயனி ஆல்கஹாலின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள, அங்கிருந்து ஒரு புரோட்டான் விலகுகிறது. அடுத்துள்ள கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் இரண்டு எலக்ட்ரான்களுடன் என்ஏடி அல்லது என்ஏடிபி என்னும் துணை நொதிக்குத் தாவுகிறது. இப்படிக் கிடைக்கும் ஜெரானியலும் அதன் இணை வடிவமான நெராலும் சேர்ந்ததே எலுமிச்சை மணம் தரும் சிட்ரால். நல்ல தைலத்தில் அது ஏறத்தாழ 75 விழுக்காடு இருக்கும். இதே பேரினத்தைச் சேர்ந்த பாமரோசாப் புல்லில் ஜெரானியாலின் பெரும்பகுதி மாறாமல் நிற்பதால் அதன் எண்ணெய் ரோஜாவாக மணக்கிறது. இரண்டு அணுக்களின் வேறுபாடு மூக்குக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவது எனக்கு இன்றும் வியப்பே.

நம் கல்லீரலிலும் இக்குடும்ப நொதிகள் உண்டு. கள்ளிலுள்ள எத்தனாலை அவை அசிட்டால்டிஹைடாக்குகின்றன. கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனாலையோ ஃபார்மால்டிஹைடாக்குகின்றன. அது உடனே ஃபார்மிக் அமிலமாகிப் பார்வையைப் பறிக்கிறது. ஆகவேதான் மெத்தனால் குடித்தவர்களுக்கு மருத்துவர்கள் இந்த நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள்.