நடைப் பகுப்பாய்வுக்கு 4கே கேமரா வேண்டுமா?

கோயம்புத்தூரில் இயன்முறை மருத்துவம் முதுநிலை பயிலும் வாசகி ஒருவர், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரின் நடையைப் படம்பிடித்து, முழங்காலும் கணுக்காலும் மடங்கும் கோணங்களை அளந்து ஆய்வேடு எழுதவிருக்கிறார். கைப்பேசியின் 1080 ஹெச்டி பதிவு போதுமா, கடன் வாங்கியாவது 4கே கேமரா வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

கைப்பேசியே போதும், ஆனால் தானியங்கி அமைப்பில் விட்டுவிட்டுப் பதிவு செய்தால் எந்தக் கேமராவும் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் நீள நடைபாதை திரையின் அகலம் முழுவதையும் நிரப்பினால், 1080 ஹெச்டி பதிவின் அகலத்தில் உள்ள 1920 பிக்சல்களில் (படப் புள்ளிகளில்) ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரைக் குறிக்கும். 4கே பதிவில் அது 1 மில்லிமீட்டர். நலமான ஒருவர் நடக்கும்போது முன்னோக்கி வீசும் பாதம் வினாடிக்கு 3 முதல் 4 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. உங்கள் நோயாளியின் பாதம் அதில் பாதி வேகத்தில், அதாவது வினாடிக்கு 2 மீட்டர் நகர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/50 வினாடி திறந்திருந்தால் அதற்குள் பாதம் 4 சென்டிமீட்டர் நகர்ந்து, கோணம் அளப்பதற்காகக் கணுக்காலில் ஒட்டிய குறி ஒரு கோடாக இழுபட்டுவிடும். அந்த மங்கலை 1 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் பதிவு செய்து பயனில்லை. ஷட்டரை 1/500 வினாடியாக மாற்றினால் மங்கல் 4 மில்லிமீட்டராகச் சுருங்கும். இதற்கு, ஷட்டர் வேகத்தைக் கையால் நிலைநிறுத்த இடம் தரும் கேமரா செயலி ஒன்று வேண்டும்.

ஷட்டர் வேகம் பத்து மடங்கு கூடினால் வெளிச்சமும் பத்து மடங்கு தேவைப்படும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் பல மலிவான எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. வேகமான ஷட்டரில் ஒரு ஃபிரேம் (வீடியோவின் தனிப்படம்) பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் பதிவாவது இதனால்தான். ஆகவே காலை வெளிச்சம் பரவலாக விழும் வராந்தாவே, விளக்குகள் நிறைந்த அறையைவிட உங்களுக்கு உகந்த இடம்.

ஃபிரேம் எண்ணிக்கையை வினாடிக்கு 60க்குக் குறையாமல் வையுங்கள். நலமான நடையில் இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.1 வினாடிதான், 30 ஃபிரேமில் அது மூன்றே படங்களில் முடிந்துவிடும். ஸ்லோமோஷனில் எடுத்தால், உண்மையில் எத்தனை ஃபிரேமில் பதிவானது என்பதை வீடியோவில் கோணங்களை அளக்க உதவும் இலவச மென்பொருளான கினோவியாவில் தெரிவிக்க மறக்காதீர்கள்; இல்லையெனில் நேர அளவுகள் அனைத்தும் பிழையாகிவிடும். படத்தின் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு முக்காலியை நம்புங்கள்.

கேமராவை நடைபாதைக்குச் செங்குத்தாக, இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில், தள்ளியே வையுங்கள். 3 மீட்டர் தொலைவில் வைத்தால், 20 சென்டிமீட்டர் பின்னால் உள்ள மறுகால் ஏறத்தாழ 6 விழுக்காடு சிறிதாகத் தெரியும்; 6 மீட்டரில் இந்த வேறுபாடு பாதியாகிவிடும். அவ்வளவு தள்ளி வைக்கும்போது காட்சி விரிந்து நோயாளி சிறுத்துப்போவார். கைப்பேசியில் டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 4கேயில் எடுத்துப் பின்னர் நடுப்பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். 4கே உண்மையில் கைகொடுப்பது இங்கேதான், அதுவும் 60 ஃபிரேமைக் கைவிடாமல் எடுக்க முடிந்தால்.

சேலையோ வேட்டியோ கட்டியவரின் முழங்காலை எந்த லென்ஸும் காட்டாது. அரைக்கால்சட்டை அணியச் செய்து, குறிகளைத் துணிமீது அல்லாமல் தோல்மீதே ஒட்டுங்கள். பெண் நோயாளிகளுக்குத் திரையிட்ட இடத்தையும் உடன் ஒரு பெண் உதவியாளரையும் ஏற்பாடு செய்வது உங்கள் கடமை. பக்கவாதத்தில் கால் வெளிப்புறமாக வளைந்து வீசப்படுவது பொதுவாகக் காணப்படுவது. பக்கவாட்டுக் கேமராவில் அந்த வீச்சு தெரியாது என்பது மட்டுமல்ல, கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போது முழங்கால் மடக்கமும் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். எனவே முன்னிருந்து இரண்டாவது கைப்பேசி ஒன்றும் பதிவு செய்யட்டும். இரண்டுக்கும் தெரியும்படி ஒருமுறை கைதட்டினால், அதை வைத்துப் பதிவுகளைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.

முகம் தெரியும் பதிவு நோயாளியின் மருத்துவ ஆவணமே. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், வீடியோ எடுப்பதற்கும் வகுப்பில் காட்டுவதற்கும் தனித்தனியே எழுத்து இசைவையும் முதலிலேயே பெறுங்கள். பேச்சு பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடும்பத்தாரை உடன் வைத்துப் பொறுமையாக விளக்க வேண்டும். பதிவுகளை வாட்ஸ்அப்பில் வழிகாட்டிக்கு அனுப்பாதீர்கள்: அந்தரங்கம் ஒருபுறமிருக்க, சாதாரணமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிப் படத்தின் நுணுக்கத்தையும் கெடுத்துவிடும்.

ஆய்வைத் தொடங்குமுன், சிலரின் பதிவுகளை ஒரு வாரம் கழித்து, முதல் அளவுகளைப் பார்க்காமல் மீண்டும் அளந்து பாருங்கள். இது உங்கள் கண்ணைச் சோதிக்கும். பிறகு குறிகளை அகற்றி, மறுபடி ஒட்டி, மீண்டும் பதிவு செய்து அளவிடுங்கள். இரண்டாம் சோதனையில் வேறுபாடு 5 டிகிரியைத் தாண்டினால், மூட்டைத் தொட்டுணர்ந்து குறி ஒட்டும் முறையில் உங்கள் வழிகாட்டியிடம் கூடுதல் பயிற்சி பெற்ற பின்னரே முதல் நோயாளியை அழையுங்கள்.