மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து இங்கிலாந்துக் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன். வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் செட் முழுக்க மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் கூடும். ஆட்டம் நடக்கிற மாதங்களில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம். ஜூன், ஜூலையில் ஆட்டமே கிடையாது, அப்போதுதான் சண்டை அதிகம். யார் வருகிறான், யார் போகிறான், எத்தனை மில்லியன் என்று.

போன வாரம் சண்டை முற்றிவிட்டது. மேனேஜர், அதாவது அணியை நடத்துகிற பயிற்சியாளர், கேட்கிற ஆளை நிர்வாகம் வாங்கித் தருவதில்லை, கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஜெயிக்கச் சொன்னால் எப்படி என்கிறான் என் நண்பன். எங்கள் பழைய மேனேஜர் ஃபெர்குசனுக்கும், ஆர்சனல் கிளப்பில் ஆர்டெட்டாவுக்கும் கொடுத்த மாதிரி நேரமும் பணமும் கொடுக்க வேண்டுமாம். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, சரிப்பட்டு வராத ஆளைச் சீக்கிரம் அனுப்புவதுதான் நல்லது என்றேன் நான். வார்த்தை தடித்துவிட்டது. இப்போது அவன் கடைக்கே வருவதில்லை. வீட்டில் அப்பாவோ, "அந்த கிளப்புல உனக்கு என்ன பங்கா இருக்கு?" என்கிறார்.

மேனேஜருக்கு முழு ஆதரவு என்று நிர்வாகம் சொன்னால் நம்பலாமா? யார் எந்த கிளப்புக்கு மாறுகிறார் என்கிற டிரான்ஸ்ஃபர் செய்திகளில் எதை நம்புவது? எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

ஆர்.
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

*

அன்புள்ள ஆர்.,

ஆதரவு அறிக்கையை நம்பலாமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். 2016 மே மாதம் லெஸ்டர் சிட்டி, இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரிமியர் லீகை வென்றது. சீசன் தொடக்கத்தில் பந்தயக் கம்பெனிகள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருகிறோம் என்று சொன்ன அணி. மேனேஜர் கிளாடியோ ரனியேரி. அடுத்த சீசனில் தோல்வி மேல் தோல்வி. 2017 பிப்ரவரி 7 அன்று, ரனியேரிக்கு எங்கள் ஆதரவு அசையாதது என்று கிளப் அறிக்கை விட்டது. பிப்ரவரி 23 அன்று அவரை வேலையிலிருந்து எடுத்தது. பதினாறு நாள்! நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற அணியின் மேனேஜரைப் பற்றி யாரும் இப்படி அறிக்கை விடுவதில்லை. அறிக்கை வருகிறது என்றாலே உள்ளே பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை விடுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால் கெட்டிதானே என்று உங்கள் நண்பர் கேட்கலாம். உங்கள் கிளப்பையே பார்ப்போம். மொரீன்யோவுக்கு 2018 ஜனவரியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அதே ஆண்டு டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். சோல்ஷாருக்கு 2021 ஜூலையில் நீட்டிப்பு, நவம்பரில் வெளியே. டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் நீட்டிப்பு, அக்டோபரில் வெளியே. இவர்களுக்கெல்லாம் முன்னால் டேவிட் மோயஸ், 2013-ல் ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்தவர், 2014 ஏப்ரலைத் தாண்டவில்லை. யுனைடெட்டில் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கூப்பிட்டால் மேனேஜர் பெட்டியைத் தூசு தட்டி வைத்துக்கொள்வது நல்லது. (இப்போதைய மேனேஜரின் பெயரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கக்கூடிய இடம் அது.)

உங்கள் நண்பர் ஃபெர்குசனை இழுத்திருக்கிறார். பொறுமைக்கு வக்காலத்து வாங்குகிற எல்லோரும் அவரைத்தான் இழுப்பார்கள். 1986 நவம்பரில் வந்தார், முதல் பெரிய கோப்பை 1990-ல், லீக் 1993-ல். நடுவில் 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றார்கள், அந்த சீசனில் அணி பதின்மூன்றாம் இடம், போய்விடுங்கள் என்று ரசிகர்களே பேனர் பிடித்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நிர்வாகம் அவரைச் சும்மா பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வந்ததும் வராததுமாக அவர் பையன்களைத் தேடும் ஏற்பாட்டை அடியிலிருந்து மாற்றினார். 1987-ல், பதினான்கு வயதில், ரையன் கிக்ஸ் வந்து சேர்ந்தார். 1992-ல் பெக்கம், பட், கேரி நெவில் எல்லோரும் இருந்த இளையோர் அணி எஃப்.ஏ. யூத் கோப்பையை வென்றது. மேலே தோற்றுக்கொண்டிருந்தபோது கீழே வேலை நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள நிர்வாகக் குழுவில் பாபி சார்ல்டன் மாதிரி ஆட்டம் தெரிந்த மனிதர் இருந்தார். இந்தப் பகுதியை விட்டுவிட்டு, நேரம் கொடுத்தால் ஃபெர்குசன் கிடைப்பார் என்று மட்டும் சொன்னால் மோயஸுக்கு ஆறு வருடம் எழுதிக் கொடுக்கத் தோன்றும்.

ஆர்டெட்டா கதையும் இதேதான். தொடர்ந்து இரண்டு சீசன் எட்டாம் இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, அணி பட்டியலின் அடியில். அந்தக் கோடையில் ஆர்சனல் ஆறு பேரை வாங்கியது. ஆறு பேருக்கும் இருபத்து மூன்று வயதுக்கு மேல் இல்லை. ஓடகார்ட், பென் வைட் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவர்கள்தான். செப்டம்பரிலேயே ஆர்டெட்டாவை அனுப்பியிருந்தாலும் அடுத்து வருகிறவருக்குப் பயன்பட்டிருப்பார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மேனேஜர் போனாலும் வீணாகாத ஆட்களை வாங்குகிற கிளப்தான் மேனேஜரை நிம்மதியாக வேலை செய்யவிட முடியும். ஒவ்வொரு தோல்விக்கும் அது பதற வேண்டியதில்லை.

யுனைடெட்டில் நடந்தது நேர் எதிர். நிர்வாகம் வாங்கித் தரவில்லை என்று உங்கள் நண்பர் சொல்வதை டென் ஹாக் காலத்துக் கணக்கு பொய்யாக்கிவிடும். முன்பு அயாக்ஸ் கிளப்பில் அவரிடம் ஆடிய லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ், ஆன்டனி, ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி என்று ஒருவர் பின் ஒருவராக யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தார்கள். ஆன்டனிக்கு மட்டும் சுமார் 95 மில்லியன் யூரோ. கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே சிக்கலே. 2022 கோடையை நினைத்துப் பாருங்கள். பார்சலோனாவின் ஃபிரெங்கி டி யோங் வருகிறார், வருகிறார் என்று முழுக் கோடையும் ஓடியது. இருபத்தைந்து வயது, பின்னாலிருந்து பந்தை நகர்த்திக் கொண்டுபோகிறவர். அவர் வரவில்லை. ஆகஸ்ட் 13 அன்று பிரென்ட்ஃபோர்டிடம் முதல் முப்பத்தைந்து நிமிடத்துக்குள் நான்கு கோல் வாங்கினார்கள். அடுத்த சில நாளில் முப்பது வயது காசெமீரோவுக்கு நான்கு வருட ஒப்பந்தம். காசெமீரோ நல்ல ஆட்டக்காரர், முதல் சீசனில் நன்றாகவே ஆடினார், அதில் எனக்குப் பேச்சில்லை. டி யோங் செய்கிற வேலை வேறு, காசெமீரோ செய்கிற வேலை வேறு. நடுக்களத்தில் நமக்கு என்ன வேண்டும் என்று முடிவுசெய்த கிளப் ஒருவர் கிடைக்காவிட்டால் அதே வேலை தெரிந்த இன்னொருவரைத் தேடும். இது பயத்தில் செய்த செலவு.

அதனால், சீக்கிரம் அனுப்புவதுதான் நல்லது என்று நீங்கள் சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது. டென் ஹாக் போனார். பின்னால் நடுவில் மூன்று தடுப்பாட்டக்காரர்களை (சென்டர் பேக்) வைத்து ஆடுகிற அமோரிம் வந்தார். முன்னவர் தன் ஆட்டத்துக்காகச் சேர்த்த ஆட்களை வைத்து இவர் தன் ஆட்டத்தை ஆட வேண்டும். மேனேஜரை ஒரே நாளில் மாற்றலாம், நான்கு வருடம், ஐந்து வருடம் ஒப்பந்தம் போட்ட ஆட்களை அப்படி மாற்ற முடியாது.

ஆனாலும் உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னையின் எஃப்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் ஜான் கிரெகரி 2018-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கித் தந்தார். அடுத்த சீசனில் பத்து அணிகளில் கடைசி இடம். நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. புது சீசனிலும் சரியாக வரவில்லை, 2019 நவம்பரில் விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்களை வைத்துக்கொண்டு அணியை இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோனார். கொரோனா பயத்தில் காலி மைதானத்தில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது வேறு விஷயம். வால்ஸ்கிஸ் மாதிரி ஆட்கள் ஏற்கெனவே அணியில் இருந்ததால்தான் ஆளை மாற்றியதும் வேலை செய்தது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மற்ற ஊரில் கேட்டால் சரி, புதுச்சேரியில் இந்தக் கேள்வி எடுபடாது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சு கிளப் மார்செய் தோற்றால் மறுநாள் பெத்தாங் என்கிற இரும்புக் குண்டு ஆட்டம் ஆடக்கூட வரமாட்டார். மார்செய்க்குப் பரம எதிரியான பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி. பெயரை எடுத்தால் கெட்ட வார்த்தை வரும், அதுவும் இரண்டு மொழியில். 1993-ல் மார்செய் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வாங்கியதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த கிளப்பில் பங்கு கிடையாது. அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

பி.எஸ்.ஜி.யை மார்செய்க்காரர்கள் கிண்டல் செய்ததற்குக் காரணமும் இருந்தது. 2017-ல் நெய்மாருக்கு 222 மில்லியன் யூரோ, அப்புறம் எம்பாப்பே, அப்புறம் 2021-ல் மெஸ்ஸி. சாம்பியன்ஸ் லீக் மட்டும் வரவேயில்லை. 2024-ல் கடைசியாக எம்பாப்பேயும், கிளப்புக்கு ஒரு காசு விலை கிடைக்காமல், ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். அந்த அக்டோபரில் மேனேஜர் லூயிஸ் என்ரிக்கே ஒழுங்குப் பிரச்சினை என்று நட்சத்திர ஆட்டக்காரர் டெம்பெலேவை அணியிலிருந்து நீக்கிவிட்டு லண்டனுக்குப் போய் ஆர்சனலிடம் 2-0 என்று தோற்றார். எம்பாப்பே இல்லை, டெம்பெலேவும் வீட்டில். வேறு காலமாக இருந்தால் நட்சத்திரம் ஜெயித்திருக்கும், மேனேஜர் போயிருப்பார். இந்த முறை நிர்வாகம் குறுக்கே வரவில்லை. 2025 பிப்ரவரியில் என்ரிக்கேக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. மே 31 அன்று இன்டர் மிலானை 5-0 என்று அடித்து முதல் சாம்பியன்ஸ் லீக். அதே டெம்பெலே அந்த ஆண்டு உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது வாங்கினார். இன்னொன்று, ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற லூயிஸ் கம்போஸ் 2022-ல் என்ரிக்கேக்கு முன்பே அங்கே வந்தவர். முந்தைய மேனேஜர் கால்ட்டியே போனபோதும் அவர் போகவில்லை.

டிரான்ஸ்ஃபர் செய்திகளை எப்படிப் படிப்பது? எந்தச் செய்தியைப் பார்த்தாலும் இது பரவினால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது, திடீரென்று யுனைடெட் அவரைக் கேட்கிறதாம் என்றால் ஏஜென்ட் சம்பளம் ஏற்றப் பார்க்கிறார். மூன்று பெரிய கிளப் போட்டியில் இருக்கிறது என்றால் விற்கிறவர் விலை ஏற்றுகிறார். நம் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற) போட்டியிலேயே மாட்சுக்கு முதல் நாள் மாஹேயிலிருந்து இரண்டு பையன்கள் இறங்குகிறார்கள் என்று புரளி வரும். கிளப்பிவிடுவது அந்த டீம் ஆட்கள்தான்.

என் அனுபவத்தில், வருகிறான் என்கிற செய்தியைவிடப் போகிறான் என்கிற செய்தியை நம்பலாம், அதுவும் கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையன் என்றால். காரணம் கணக்குப் புத்தகம். நூறு மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் செலவை வருடத்துக்கு இருபது என்று பிரித்து எழுதுகிறார்கள். அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது, விற்றால் வந்ததெல்லாம் அந்த வருடமே லாபம். பிரிமியர் லீக் கிளப்புகளுக்கு மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்ற விதி இருந்ததால் இந்த லாபத்துக்கு மதிப்பு அதிகம். அதை மீறிய எவர்டனுக்கு 2023-ல் பத்து புள்ளி வெட்டினார்கள், அப்பீலில் ஆறாகக் குறைந்தது. சின்ன வயதிலிருந்தே யுனைடெட்டில் வளர்ந்த மெக்டாமினேயை 2024 ஆகஸ்டில் நாப்போலிக்கு விற்றதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். போன முதல் சீசனிலேயே அவர் இத்தாலி லீகை வென்று அங்கே சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் வாங்கினார்.

மற்றபடி, பதிவு ஆகும்வரை எதுவும் முடியவில்லை. 2015-ல் யுனைடெட் கோல்கீப்பர் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்குப் போவது முடிந்த விஷயம், காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேராததால் நின்றது. டிரான்ஸ்ஃபருக்கான கெடு முடிகிற அந்தக் கடைசி நாளில் நம் நேரம் விடியற்காலை மூன்றரை வரை விழித்திருந்தவர்கள் நிறைய பேர். நான் தூங்கிவிட்டேன்.

இனி உங்கள் சண்டை. இரண்டு பேரும் மேனேஜர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரை வாங்குவது என்று தீர்மானிக்கிற பக்கத்து நாற்காலியில் யார், எத்தனை நாளாக என்று பாருங்கள். யுனைடெட் நியூகாசிலோடு மாதக்கணக்கில் பேரம் பேசி, ஈட்டுத்தொகை கொடுத்து, டான் ஆஷ்வொர்த்தை ஸ்போர்ட்டிங் டைரக்டராகக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் சேர்ந்தார். டிசம்பரில் போய்விட்டார். டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டித்ததும், அவரை அனுப்பியதும், அமோரிமைக் கொண்டுவந்ததும், ஆஷ்வொர்த் வந்து போனதும் எல்லாம் அந்த ஐந்து மாதத்துக்குள். இதில் நிர்வாகம் யாரை ஆதரித்தது என்று உங்கள் நண்பரைப் போய்ப் பார்த்துக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்